எங்கள் வீட்டில் கம்பெனி என்றால் ஒன்றுதான்

என் பாட்டி கடைசிவரை ரயிலைக் 'கம்பெனி வண்டி' என்றுதான் சொன்னார். அவர் இறந்தது 1991-ல். அந்தக் கம்பெனியை சர்க்கார் எடுத்துக்கொண்டது 1944-ல். இடையில் பெயர் மாறி, சின்னம் மாறி, எஞ்சின் மாறி எல்லாம் ஆகிவிட்டது. பாட்டிக்கு மட்டும் மாறவில்லை. "கம்பெனி வண்டி போயிடுச்சா பாரு" என்பார், திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் திண்ணையில் உட்கார்ந்தபடி. எந்தக் கம்பெனி என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. சுருக்கமாக எஸ்.ஐ.ஆர்.

அப்பாவின் தாத்தா நாகப்பட்டினம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பட்டறை பொன்மலைக்குப் போனபோது அவரும் குடும்பத்தோடு போனார். தாத்தா பொன்மலை, அப்பா பொன்மலை. நான் பிறந்தது 1966-ல், அதே காலனியில். அம்மா மட்டும் நாகைப் பக்கம், சிக்கலில் இருந்து வந்தவர். அதனால் எங்கள் குடும்பம் ஒரு தண்டவாளத்தின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு வாழ்ந்த குடும்பம்.

எஸ்.ஐ.ஆர். பற்றிப் பேசுகிறவர்கள் எழும்பூர் ஸ்டேஷனைச் சொல்வார்கள், பாம்பன் பாலத்தைச் சொல்வார்கள். இரண்டும் சொல்ல வேண்டியவைதான். ஆனால் இந்தக் கதை தொடங்கிய ஊர் நாகப்பட்டினம். அதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல்.

எஸ்.ஐ.ஆருக்கு முந்தைய கம்பெனியின் பெயர் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. 1850களில் இங்கிலாந்தில் உருவானது. பணம் போட்டவர்கள் அங்கே இருந்தார்கள். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி உறுதி என்று இங்கிருந்த சர்க்கார் எழுதிக்கொடுத்தது. பாதைக்கு வேண்டிய நிலமும் இலவசம். வட்டி குறைந்தால் ஈடுகட்டுவது இந்த நாட்டு வரிப்பணம். கீழ்வேளூரில் நிலவரி கட்டிய ஒரு மிராசுதாரரும், அவர் வயலில் நாற்று நட்டவர்களும், ரயிலில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த வட்டியைச் சுமந்தார்கள். ரயிலை வெள்ளைக்காரன் கொடுத்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த 5 சதவீதம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

சென்னையில் ராயபுரத்திலிருந்து வேறொரு கம்பெனி, மெட்ராஸ் ரயில்வே, 1856-லேயே வண்டி விட்டிருந்தது. அது மேற்கே போகிற பாதை. தெற்கே தொடங்க ஒரு துறைமுகம் வேண்டும். தண்டவாளம், எஞ்சின் எல்லாம் கப்பலில் வந்து இறங்க வேண்டுமே. நாகை அப்போது இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆளும் சரக்கும் போகும் ஊர். அங்கிருந்து தஞ்சாவூர் வரை 1861-ல் பாதை திறந்தது. அடுத்த ஆண்டே திருச்சி. மலை இல்லை, சுரங்கம் இல்லை, நிலம் பலகை போல இருக்கும். ஆனால் தண்ணீர் உண்டு. வெண்ணாறு, வெட்டாறு, அவற்றின் கிளைகள், கணக்கில்லாத வாய்க்கால்கள். அந்தப் பாதையில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை சக்கரச் சத்தம் மாறும். கீழே பாலம். சின்ன வயதில் நானும் என் தங்கையும் அந்தச் சத்தத்தை வைத்தே வாய்க்கால்களை எண்ணுவோம்.

1868 வாக்கில் அந்தப் பாதை கரூர் வழியாக ஈரோடு போய் மெட்ராஸ் ரயில்வேயோடு சேர்ந்தது. ஆக, அன்றைக்கு நாகைக்காரர் ஒருவர் ரயிலிலேயே சென்னை போக வேண்டுமானால், மேற்கே திருச்சி, இன்னும் மேற்கே ஈரோடு, அப்புறம் சேலம், ஜோலார்பேட்டை என்று ஊரைச் சுற்றி வந்துதான் சென்னையை அடைய முடியும். கடலோரமாக நேர் வடக்கே இருக்கும் ஊருக்கு கொங்கு நாடு வழியாகப் பயணம்!

அகலத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாகைப் பாதை முதலில் அகலப் பாதை. 1,676 மில்லிமீட்டர், இன்றைக்கு இருக்கும் அதே அகலம். 1870-ல் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, செலவைக் குறைக்க இனி மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை, போடலாம் என்று முடிவானது. 1874-ல் நம் கம்பெனி, அரக்கோணம் – காஞ்சிபுரம் பாதை வைத்திருந்த கர்நாடிக் ரயில்வே கம்பெனியோடு இணைந்தது. அப்படித்தான் சவுத் இந்தியன் ரயில்வே பிறந்தது. காஞ்சிபுரம் பாதை மூன்றரை அடி அகலம். ஒன்று அகலம், ஒன்று குறுகல். இரண்டையும் பெயர்த்து மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு அகலப் பாதையைக் குறுக்கிப் போட்டார்கள் என்பதை முதன்முதலில் அப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. ஆனால் அதுதான் நடந்தது. அதன்பின் ஈரோட்டில் சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. திருச்சி – ஈரோடு பாதையை 1920களின் கடைசியில் மறுபடி அகலமாக்கினார்கள். நாகைப் பாதைக்கு அந்த அதிர்ஷ்டம் வர இன்னும் 70 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அகலம், மீட்டர், மறுபடி அகலம். ஒரே மண்மேட்டின் மேல் மூன்று தடவை பாதை போட்டிருக்கிறார்கள்.

1870களில் கம்பெனி வேகமாக வளர்ந்தது. 1875-ல் மதுரை, 1876 தொடக்கத்தில் தூத்துக்குடி. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூரைத் தொடும் பாதை அந்தப் பத்தாண்டின் கடைசியில் முடிந்தது. இதைத்தான் இன்றும் 'மெயின் லைன்' என்கிறோம். கவனித்தீர்களா? அந்தப் பட்டியலில் நாகை இல்லை. எந்த ஊரிலிருந்து கம்பெனி தொடங்கியதோ அந்த ஊர் தஞ்சாவூரில் பிரியும் ஒரு கிளையாகிவிட்டது. இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறினார்கள். நாகைக்கு மிஞ்சியது பினாங்கு, சிங்கப்பூர் கப்பல்களும் பட்டறையும்தான். 'ரஜுலா' கப்பல் நாகைக்கு வந்துபோன காலத்தை என் அம்மா பார்த்திருக்கிறார். கப்பல் வருகிற நாளில் ரயில் பெட்டி முழுக்கத் தகரப் பெட்டியும் பாய்ச் சுருளும் அழுகிற பெண்களுமாக இருக்குமாம்.

1890-ல் சர்க்கார் கம்பெனியின் பாதைகளை வாங்கிக்கொண்டது. ஆனால் வண்டி ஓட்டும் வேலையை அதே பெயரில் லண்டனில் பதிவான புதுக் கம்பெனிக்கே கொடுத்தது. தலைமையிடம் திருச்சி. தண்டவாளம் சர்க்காருடையது, ஓட்டுவது கம்பெனி. இந்த ஏற்பாடு புரிந்தால்தான் மற்றதும் புரியும். ஏனென்றால் எஸ்.ஐ.ஆர். ஓட்டிய பாதைகளில் பல, அதனுடைய சொந்தப் பாதைகளே அல்ல. புதுச்சேரிப் பாதை பிரெஞ்சுப் பகுதிக்குள் போனது. பேரளம் – காரைக்காலும் அப்படித்தான். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் போன பாதையில் ஒரு பகுதி திருவிதாங்கூர் மண்.

எனக்கு மிகவும் பிடித்தது தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட பாதை. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை. 1894-ல் திறந்தார்கள். பிறகு அறந்தாங்கி வரை நீண்டது. லண்டன் பணம் இல்லை. ஜில்லா போர்டு தன் ஜில்லா மக்களிடம் தனியாக வரி போட்டுச் சேர்த்த பணம். ரோடும் ஆஸ்பத்திரியும் பார்த்துக்கொள்கிற ஒரு உள்ளூர் அமைப்பு, எங்கள் ஊருக்கு ரயில் வேண்டும் என்று தானே முன்வந்து பாதை போட்டிருக்கிறது. ஓட்டிக்கொடுத்தது எஸ்.ஐ.ஆர். திருவாரூர் ஜங்ஷனில் நிற்கும்போதெல்லாம் இது என் மனசில் ஓடும். கிழக்கு மேற்காகப் போவது இங்கிலாந்துக்காரர் பணத்தில் வந்தது, வடக்கு தெற்காகப் போவது நம் ஆட்கள் காசு. அந்தத் தென்பகுதி, திருவாரூர் – காரைக்குடி, அகலப் பாதையாக்க மூடப்பட்டுப் பல ஆண்டு கிடந்து 2019-ல்தான் மறுபடி முழுசாகத் திறந்தது.

புகழ்பெற்ற விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1908-ல் இரண்டு நடந்தன. மெட்ராஸ் ரயில்வே கலைக்கப்பட்டு, ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் போகும் அகலப் பாதை எஸ்.ஐ.ஆரிடம் வந்தது. ஹென்றி இர்வின் வடிவமைத்து, சாமிநாத பிள்ளை என்ற ஒப்பந்தக்காரர் கட்டிய எழும்பூர் நிலையம் அதே ஆண்டு ஜூனில் திறந்தது. 1911-ல் மணியாச்சி ஜங்ஷனில் நின்ற வண்டியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் இந்தக் கம்பெனியின் பாதையில்தான். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் இலங்கைக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் போட் மெயில் தூத்துக்குடியை விட்டுத் தனுஷ்கோடிக்கு மாறியது. அங்கே இறங்கி ஸ்டீமர் ஏறினால் தலைமன்னார், அங்கே மறுபடி ரயில், கொழும்பு. 1931-ல் சென்னை பீச் – தாம்பரம் மின்சார வண்டி. மீட்டர் கேஜில் அந்த மாதிரி ஓடியது இந்தியாவிலேயே அதுதான் முதல். மாம்பலமும் கோடம்பாக்கமும் பெருத்தது அந்த வண்டியை நம்பித்தான்.

இதே கம்பெனியின் ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் இருந்தது. டிக்கெட் காசு எல்லோருக்கும் ஒன்றுதான். பெரியார் இதை எதிர்த்துத் தொடர்ந்து பேசினார், எழுதினார். 1941-ல்தான் ஒழிந்தது. என் தாத்தா அப்போது வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆகியிருக்கும். எஞ்சினுக்குள் புகுந்து அதைப் பிரித்து மாட்டுகிற மனிதர், அந்த எஞ்சின் நிற்கிற ஸ்டேஷனில் சாதி பார்த்து உட்கார வேண்டிய காலத்தில் வேலை செய்திருக்கிறார். பாலத்தின் நீளத்தை எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

இனி பொன்மலை.

1920களின் நடுவில் கம்பெனி திருச்சிக்கு வெளியே, பொன்மலை என்ற பாறைக்குன்றுக்குப் பக்கத்தில், பெரிய பட்டறை கட்டத் தொடங்கியது. 1753-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய அதே குன்று. நாகையில் இருந்த பட்டறை, போத்தனூர் பட்டறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்ப்பது திட்டம். எஞ்சின், பெட்டி, வேகன் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். கம்பெனிக்கு அது நல்ல கணக்கு. திருச்சி நடுவில் இருக்கிறது, இடம் தாராளம். நாகைக்கு அது பெரிய அடி. அறுபது ஆண்டாக ஊரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பின. எங்கள் வீட்டிலிருந்து அம்மிக்கல்லைக்கூட ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்ததாகப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த அம்மி பொன்மலை வீட்டில் நான் கல்யாணமாகிப் போகும்வரை இருந்தது.

அதே சமயத்தில் 3,100 பேருக்கு மேல் ஆட்குறைப்பு செய்யப்போவதாகக் கம்பெனி சொன்னது. வேலைத்திறன் சோதனை வைத்து ஆளைக் கழிப்பது என்ற ஏற்பாடு. 1928 ஜூன் கடைசியில் தொடங்கிய போராட்டம் ஜூலையில் பாதை முழுக்கப் பரவியது. தொழிற்சங்கத் தலைவர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னால் நின்றார்கள். பட்டறை ஆட்கள் மட்டுமில்லை, வண்டி ஓட்டுகிறவர்கள், ஸ்டேஷன் ஆட்கள் எல்லாம் சேர்ந்தார்கள். போலீஸ் வந்தது, கைது நடந்தது, ஆகஸ்டில் போராட்டம் நசுக்கப்பட்டது. தலைவர்களுக்குச் சிறை. தொழிற்சங்கத்துக்கு இருந்த அங்கீகாரமும் போயிற்று. கொள்ளுத்தாத்தா அந்த நாட்களைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதாக யாருக்கும் நினைவில்லை. அப்பாகூட அதைச் சங்கக் கூட்டத்தில்தான் முதலில் கேட்டிருக்கிறார்.

இன்னொன்றும் அதே காலத்தில் நடந்தது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் 'கார்டு லைன்' என்ற குறுக்குப் பாதை போட்டார்கள். சென்னை – திருச்சி தூரம் குறைந்தது. வேக வண்டிகள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போயின. முதலில் நாகை கிளையானது, இப்போது கும்பகோணமும் மாயவரமும் சேர்ந்த டெல்டாவே சுற்றுவழி ஆயிற்று. கம்பெனி 1944-ல் போய்விட்டது. ஆனால் இந்த ஒரு முடிவு இன்னமும் நடக்கிறது. கும்பகோணத்தில் இருக்கிற என் சிநேகிதி மதுரைக்கு ராத்திரி வண்டி தேடும்போதெல்லாம் நான் அந்த 1920களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஒரு ஊரின் வழியாக வண்டி போகுமா போகாதா என்பதை, அந்த ஊரைப் பார்த்தேயிராத ஆட்கள் முடிவு செய்தார்கள். அதற்கு ஏற்றபடி நாங்கள் வீடு மாற்றினோம், பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம்.

1944 ஏப்ரல் 1-ஆம் தேதி சர்க்கார் கம்பெனியை எடுத்துக்கொண்டது. எஸ்.ஐ.ஆர். என்ற பெயர் மட்டும் இன்னும் ஏழு ஆண்டு ஓடியது. 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலையில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் சங்கத் திடலில் கொடியேற்றி அவர்கள் பெயரை வாசிப்பார்கள். சின்னப் பிள்ளைகளான எங்களுக்கு அது ஒரு திருவிழா மாதிரி. யாருக்காக என்பது பெரியவளான பிறகுதான் உறைத்தது. 1951 ஏப்ரல் 14-ல் எஸ்.ஐ.ஆர்., மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. தலைமையிடம் சென்னைக்குப் போனது. நாகைக்கு நடந்தது திருச்சிக்கும் கொஞ்சம் நடந்தது என்று அப்பா சொல்வார்.

என் காலத்து நினைவு சங்குச் சத்தத்தில் தொடங்கும். காலையில் பட்டறைச் சங்கு ஊதினால் ஆர்மரி கேட் பக்கம் சைக்கிள் வெள்ளம். கடிகாரம் இல்லாத வீட்டிலும் நேரம் தெரியும். லீவு விட்டால் அப்பாவின் ரயில்வே பாஸ் வாங்கிக்கொண்டு சிக்கலுக்குக் கிளம்புவோம். திருவெறும்பூர், பூதலூர், தஞ்சாவூர். அப்புறம் சாலியமங்கலம், நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர். கரி எஞ்சின்தான். ஜன்னலில் தலை நீட்டினால் கண்ணில் கரித்தூள் விழும். "கசக்காதே, மூக்கைச் சிந்து, வந்துடும்" என்று அம்மா முந்தானையைச் சுருட்டி ஊதி ஒத்தடம் கொடுப்பார். நீடாமங்கலத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் அப்பா இறங்கிப்போய் டிரைவரோடு பேசிக்கொண்டிருப்பார். எஞ்சின் எப்போது பொன்மலைக்கு வந்து போனது, என்ன வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு தடவை சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ பார்த்துவிட்டு வந்து, "நம்ம கை பட்டதுதான்" என்று அம்மாவிடம் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதிகம் பார்த்ததில்லை.

சிக்கலில் மாமா வீட்டுக் கொல்லையில் மாட்டுக்கொட்டகைக்கு நான்கு கால்கள். நாலும் பழைய தண்டவாளத் துண்டு. டெல்டாவில் இது சகஜம். மீட்டர் கேஜைப் பெயர்த்தபோது மட்டுமில்லை, அதற்கு முன்பே தேய்ந்த தண்டவாளங்கள் ஏலத்தில் போய் வேலிக்கால், கிணற்றுச் சட்டம், பந்தல்கால் என்று எல்லா ஊரிலும் நிற்கின்றன. போன தை மாதம் போயிருந்தேன். மாடு இப்போது இல்லை. கொட்டகையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. வெள்ளையடிக்கிற ஆள் கால்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு காலின் பக்கவாட்டில் புடைப்பாக எழுத்து தெரிந்தது. அப்பா சொல்லியிருக்கிறார், தண்டவாளத்தை உருட்டும்போதே எழுத்தும் வருஷமும் சேர்த்து உருட்டுவார்கள் என்று.

அவரிடம் உப்புத்தாளை வாங்கி நானே தேய்த்தேன். முதலில் எஸ். அப்புறம் ஐ. ஆர் பாதிதான் இருந்தது, ஆனால் ஆர்தான். அதற்குக் கீழே வருஷம். 18 என்ற முதல் இரண்டு எண்ணும் தெளிவாக இருந்தன. அடுத்த எண் துருவில் உதிர்ந்துவிட்டது. கடைசி எண் தரைக்குள் இருக்கிறது. மண்வெட்டி கேட்டேன். "கொட்டகை விழுந்துடும்மா, தோண்ட வேணாம்" என்றார் மாமா. சரி என்று விட்டுவிட்டேன். எழுத்து இருக்கும் பக்கத்தில் மட்டும் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.